பதினொன்றரைக்கு விரியும் பத்துமணிப்பூ

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது நான்கு, என் நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது விட்டுவிட்டுப் போனது இரண்டு. ஆறும் இன்று கையும் காலுமாக நன்றாக இருக்கின்றன. மாடு கன்றுகளை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்த நோட்டு போதாது. படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது, பஸ் பலகை மலையாளத்தில் வந்தால் பக்கத்து ஆளைக் கேட்பேன். அதைத் தவிர வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நோட்டு அவளுடையது, சொல் என்னுடையது. நான் இப்போது சொல்லுவதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுது, அன்றன்றைக்குப் பேசினதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாவது படிக்கிறாள், இதுகூடத் தெரியாதா?

சொல்ல வந்தது ஒருத்தியைப் பற்றி. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், அதனால் அம்மிணி என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை அக்கா என்றாள். போன வைகாசியில் இறந்துபோனாள். இப்போது கார்த்திகை. நான் இதுவரைக்கும் அழவில்லை. "ஒரு வாட்டி அழுதுட்டீங்கன்னா நல்லாயிருக்குமுங் அத்தை" என்று என் மருமகள் சொல்கிறாள். வந்தால் அழ மாட்டேனா? வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் ஒன்று நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. கிள்ளினால் தெரிகிறது, வலிக்கவில்லை.

அவளுக்குச் செடிப் பைத்தியம். செடிப் பைத்தியம் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இவளுடையது வேறு விதம். இவள் செடியைச் செடியின் பெயரால் சொல்ல மாட்டாள். கொடுத்தவர் பெயரால்தான் சொல்லுவாள்.

இருபது வருஷத்துக்கு மேலிருக்கும். மீனாட்சிபுரத்தில் எங்கள் தோட்டத்துக் கோடியில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. கரண்டு ஆபீஸில் லைன்மேன் வேலைக்கு மாற்றலாகி வந்தவர் அதை வாடகைக்குக் கேட்டார். அவருடைய பெண்சாதி இவள். மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறின குடும்பம். அதனால் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இருக்காது, இழுத்து இழுத்துப் பேசுவாள். வந்த அன்றைக்குச் சாமான்கூட இறக்கவில்லை. நேராக என் வாசலில் வந்து செம்பருத்திக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது யாரு குடுத்தாக்கா?"

"எங்க பெரியம்மா ஊட்டுல இருந்து ஒடைச்சுட்டு வந்தது."

"அப்ப இவ பெரியம்மா" என்றாள். செம்பருத்தியின் இலையைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

எனக்கு என் ரோஜாவில்தான் பெருமை. தொட்டியில் வைத்திருந்தேன். தட்டு அகலத்துக்குப் பூ. அதைக் காட்டினேன். "பொள்ளாச்சிச் சந்தையில வாங்குனது அம்மிணி. நெம்ப வெல."

"ஓ" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காசு குடுத்து வாங்குனா அது யாரு பேரச் சொல்லும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் நாளே இப்படி மூஞ்சியில் அடித்த மாதிரி பேசுகிறாளே என்று. அப்புறம் தெரிந்தது, அவளுக்கு அடிக்கவும் தெரியாது, தடவிக் கொடுக்கவும் தெரியாது. உள்ளதைச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்குள் அந்த ஓட்டு வீட்டு வாசலில் ஊரே நின்றது. நந்தியாவட்டை, ராவுத்தரம்மா கொடுத்தது. வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் கயிறு, மூக்கணாங்கயிறு, மணியெல்லாம் விற்கிற கடை அவர்களுடையது. அதனால் நந்தியாவட்டைக்கு ராவுத்தரம்மா என்று பெயர். பவளமல்லிக்கு டாக்டர் வீட்டம்மா. சாயங்காலம் அவள் தண்ணீர் ஊற்றும்போது கேட்டால் ஏதோ கூட்டம் நடக்கிற மாதிரி இருக்கும். "டாக்டர் வீட்டம்மா, உமக்கு இன்னிக்குப் போதும். ராவுத்தரம்மா, எறும்பு ஏறுதே, பாத்தியளா?"

ஒருநாள் ராவுத்தரம்மா பால் சொசைட்டிக்கு வந்தவர் இவளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் இவள் குரல். "ராவுத்தரம்மாவ ரெண்டு வெட்டு வெட்டி விட்டாத்தான் அடங்குவா. வேலிக்கு வெளிய போயிட்டு நிக்கா."

ராவுத்தரம்மா வேலி மேல் தலையை நீட்டி, "ஏம்மா, நா ஒனக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? கயித்துல கொறச்சுப் போட்டேனா?" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் என் மாடு கயிற்றை இழுத்தது. அவள் இருந்த வரைக்கும் அவளை அவர் போனில் கூப்பிட்டால், "வெட்டறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிரு தாயீ" என்றுதான் ஆரம்பிப்பார்.

இன்னொன்றும் உண்டு. செடி செத்துப்போனால் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுவாள். மனுஷர் செத்தால் சொல்லிவிடுகிற மாதிரி. மழையானாலும் வெயிலானாலும் நடந்து போவாள். வாசலில் நின்று, "அக்கா, நீங்க குடுத்தது போயிட்டு. எம் பேர்லதான் தப்பு, தண்ணிய கூட ஊத்திட்டேன்" என்பாள். சொல்லிவிட்டு, "இன்னொரு கெளை குடுங்க" என்று கையை நீட்டுவாள். கொடுக்காமல் யாரும் அனுப்பினதில்லை. நான் ஒருதரம் கேட்டேன், செடிக்குப் போய் இத்தனையா என்று.

"அவுக எங்கயோ ஒரு எடத்துல அது இருக்குன்னு நெனச்சுட்டு இருப்பாகல்லா? இல்லாதத இருக்குன்னு நெனைக்க விடலாமாக்கா?"

இதை நன்றாக எழுதிக்கொள் கண்ணு. இதுதான் அவள்.

ஏழு வருஷம் இருந்தார்கள். பிறகு சித்திரபுரத்துக்கு மாற்றல் வந்தது. மூணாறு தாண்டிப் பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கம் மலையில், கரண்டு போர்டு குவார்ட்டர்ஸ். லாரி வந்து நின்றது. முதலில் செடிகளை ஏற்றினாள். தொட்டி, டின், உடைந்த குடம் எல்லாவற்றிலும் செடி. எல்லாம் ஏறின பிறகு கட்டிலுக்கு இடமில்லை.

லைன்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் எதுலடி படுக்க?" என்றார்.

"தரை இருக்குல்லா?" என்றாள்.

அந்தக் கட்டில் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. தீவன மூட்டை அடுக்கியிருக்கிறோம்.

லாரி கிளம்புகிற நேரத்தில்தான் கேட்டாள். "அக்கா, நீங்க எனக்கு ஒண்ணும் குடுக்கலையே?" உண்மைதான். ஏழு வருஷம் பக்கத்தில் இருந்தாள், என் செடியெல்லாம் தினம் பார்க்கிறவள்தானே என்று நான் ஒரு கிளைகூட ஒடித்துக் கொடுத்ததில்லை. அவளும் கேட்கவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பத்துமணிப்பூ படர்ந்து கிடந்தது. வெய்யக்காலத்துப் பூ. காலையில் மொட்டாக இருக்கும், வெயில் ஏறிப் பத்து மணியானால் விரியும், சாயங்காலம் சுருண்டுவிடும். ஊசி ஊசியாக இலை, ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம். அதில் ஒரு கொத்து கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

மடியில் வைத்துக்கொண்டாள். "இவ மீனாட்சிபுரத்தக்கா" என்றாள். லாரி போய்விட்டது.

மலையில் அது நிற்காது. எனக்குத் தெரியும். ஆனி, ஆடி மழையில் அழுகிப்போகும். அந்த வருஷம் ஆவணியில் போன் வந்தது. "மீனாட்சிபுரத்தக்கா போயிட்டாக்கா. மழை தாங்கல. எம் பேர்லதான் தப்பு, எறவாணத்துக்குள்ள வச்சிருக்கணும்." சரி, மாசியில் அனுப்புகிறேன் என்றேன். மாசிக் கடைசியில் ஒரு கொத்து கிள்ளி, உடுமலை வழியாக மூணாறு போகிற வண்டிக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷமும் அதேதான். மழையில் போகும், போன் வரும், மாசியில் நான் அனுப்புவேன். இப்படியே பல வருஷம். ஒரு வருஷம்கூட அவள் சொல்லாமல் விட்டதில்லை, நான் அனுப்பாமல் விட்டதில்லை.

அப்புறம் எல்லார் கையிலும் பெரிய போன் வந்தது. எனக்கு என் மகன் வாங்கிக் கொடுத்தான். இதோ எழுதுகிறாளே, இவள்தான் எங்களுக்கு ஒரு குரூப் செய்து கொடுத்தாள். ராவுத்தரம்மா, டாக்டர் வீட்டம்மா, நான், அவள், இன்னும் நாலைந்து பேர். காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து அன்றைக்குப் பூத்ததைப் போட்டோ எடுத்துப் போடுவோம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லி அனுப்பலாம் என்பதால் எனக்குத் தொந்தரவில்லை.

முதல் வாரமே ராவுத்தரம்மா ஒரு போட்டோ போட்டார். கண்ணுக்கெட்டின தூரம் கலர் கலராகப் பூ, பின்னால் பனிமலை.

அவள் குரல் வந்தது. "ராவுத்தரம்மா, இது உங்க கயித்துக் கடைக்குப் பின்னாலயா?"

"எவனோ அனுப்புனான்மா. நல்லாருக்கேன்னு போட்டேன்."

"நல்லாருக்கு. ஆனா யாரு நட்டதுன்னு தெரியாதே. நம்ம வாசல்ல, இன்னிக்குப் பூத்தத மட்டும் போடுவமா?"

அன்றைக்கு அதுவே சட்டமாகிவிட்டது. அவரவர் வாசல், அன்றன்றைய பூ. பூ இல்லாத நாளில் வெறும் இலையைப் போடலாம், தப்பில்லை.

அவள் போடுகிற போட்டோ எப்போதும் ஒரே இடத்தில் எடுத்தது. சமையலறைக்குப் பின்னால் இரண்டு சிமெண்டுப் படி. மேல்படியில் பூத்த செடியை வைத்து எடுப்பாள். கீழே ஓரத்தில், அடி ஓட்டையான ஒரு குக்கரில் என் பத்துமணி. அது பூத்த அன்றைக்கு மட்டும் அதை மேல்படிக்கு ஏற்றி எடுத்து, "மீனாட்சிபுரத்தக்கா எங்க ஊர்ல பதினொண்ணரைக்குத்தான் எந்திரிக்கா. மூடமஞ்சு கலையணும்லா" என்பாள். எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். மலைமேல் என் பெயரில் ஒன்று பதினொன்றரைக்கு எழுந்திருக்கிறது, அதற்கு ஒருத்தி காத்திருக்கிறாள்.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த வெய்யக்காலத்தில் எங்கள் போர் வற்றிப்போனது. டேங்கர் தண்ணீர் மாட்டுக்கே பத்தவில்லை. செடிக்கு எங்கே ஊற்றுவது? செம்பருத்தி குச்சியாக நின்றது. ரோஜா கருகியது. துவைக்கிற கல்லடியில் ஈரம் இருந்த இடத்தில் மட்டும் பத்துமணி இரண்டு விரல் நீளத்துக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, பூவில்லை. குரூப்பில் எல்லாரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் நான் ஒன்றும் போடவில்லை. டாக்டர் வீட்டம்மா, "என்ன, உங்க தோட்டம் லீவா?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். எனக்குச் சுருக்கென்றது. ஆறு பேரை வளர்த்த கை இது. இல்லை என்று நான் சொன்னதில்லை.

மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டேன். அப்போது எட்டாவது படித்தாள். "போன வருசம் ரோசா பூத்துச்சே, அந்தப் போட்டோ இருக்குதா? அதப் போடு கண்ணு" என்றேன்.

"ஆத்தா, பழசப் போடக் கூடாதுல்ல?" என்று கேட்டாள். கேட்டாள். அதையும் எழுது.

"சொன்னதச் செய்" என்றேன்.

போட்டாள். எல்லாரும் கை கூப்பினார்கள், இதயம் போட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து அவள் குரல் வந்தது. "அக்கா, உங்க வீட்டுச் சுவரு தை மாசம் மஞ்சள் அடிச்சாச்சே. இது நீலமால்லா இருக்கு? இது போன வருசத்துப் பூவாக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் போனை எடுத்து, "அதுங்களா, புள்ள தெரியாமப் போட்டுடுச்சு. சின்னப் புள்ளதான, எதுன்னு தெரியாம எடுத்து அழுத்திப்போட்டா" என்று சொல்லி அனுப்பினேன். பேத்தி பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விட்டிருக்கலாம் அவள். விடவில்லை. "பிள்ளையச் சொல்லாதிய அக்கா. பிள்ளைக்கு என்ன தெரியும்? பூ இல்லன்னா இல்லன்னு சொன்னாப் போச்சு, இதுல என்ன இருக்கு?"

அத்தனை பேர் கேட்க. என் வாடகை வீட்டில் இருந்தவள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மூன்று தரம் கூப்பிட்டாள். போனை மருமகளிடம் கொடுத்து, "மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போயிருக்கறேன்னு சொல்லு" என்றேன். மறுநாளும் கூப்பிட்டாள். மறுநாளும் நான் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கூப்பிடவில்லை.

குரூப்பை விட்டு நான் வெளியே போகவில்லை. போனால் தோற்ற மாதிரி ஆகும். தினமும் பார்ப்பேன். அவள் போட்டோவை மட்டும் விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மேல்படியில் என்ன பூ என்று பார்க்க மாட்டேன். கீழே ஓரத்தில் குக்கர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இருந்தது.

ஆனி, ஆடி மழை வந்தது. குக்கர் போட்டோவில் இல்லை. உள்ளே எடுத்து வைத்திருப்பாள். ஆவணி வந்தது. நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வந்தால் எடுக்கலாம் என்றுகூட இருந்தேன். "போயிட்டா அக்கா, எம் பேர்லதான் தப்பு" என்று ஒரு வார்த்தை வரும், நான் சரி என்பேன், மாசியில் அனுப்புவேன், அதோடு முடிந்துவிடும். வரவில்லை. மாசியும் வந்தது. கல்லடியில் பத்துமணி மறுபடியும் படர்ந்து கிடந்தது. கேட்காமல் அனுப்புகிற ஆள் நான் இல்லை.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அவள் போட்டோவில் மேல்படியில் டேலியா. கீழே ஓரத்தில் குக்கர். குக்கரில் ஊதாச் சிவப்பாக ஒரு பொட்டு. விரித்துப் பார்த்தேன். பத்துமணிதான்.

சாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். செத்திருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. அப்படியென்றால் மழையில் எப்படியோ காப்பாற்றிவிட்டாள். இனி வருஷா வருஷம் என் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. என் பெயரைச் சொல்லிக்கொண்டு அது பாட்டுக்கு அங்கே இருக்கும், நான் தேவையில்லை. அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து ஒன்றுமில்லை. பழகிவிட்டது.

அடுத்த சித்திரையிலும் குக்கரில் பூ. அதற்கடுத்த சித்திரையிலும். மூன்று கோடை. ஒருநாள்கூட மேல்படிக்கு ஏற்றவில்லை, என் பெயரைச் சொல்லவில்லை. ஓரத்திலேயே வைத்திருந்தாள். ராவுத்தரம்மா ஒருதரம் எனக்குப் போன் போட்டு, "ரெண்டு பேரும் இன்னும் எத்தன நாளைக்கும்மா இப்படியே மொறச்சுக்கிட்டு இருப்பீங்க? மாடுங்ககூட முட்டிட்டு அடுத்த சந்தையில ஒண்ணா நிக்குதுங்க" என்றார். "நா யாரையும் மொறைக்கலீங், எனக்கு வேல கெடக்குது" என்றேன்.

போன வைகாசியில் ஒருநாள் காலையில் அவள் இடத்தில் பூ வரவில்லை, எழுத்து வந்திருந்தது, அவள் மருமகள் போட்டது. பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டாள், மருமகள் சொசைட்டிக்குப் போயிருந்தாள். நானே எழுத்துக் கூட்டினேன். அ, த்தை. நே, ற்று. சாயங்காலம் என்பது நீளமான சொல், அதற்கே எனக்கு வெகுநேரம் ஆனது. நெஞ்சுவலி என்று படித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்பதையும் படித்தேன். கடைசிச் சொல்லுக்கு வருவதற்கு முன்னால் கன்றுக்குட்டி கத்தியது. போய் அவிழ்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். பிறகு புண்ணாக்கு ஊறவைத்தேன்.

காரியத்துக்கு முதல் நாள் என் மகன் காரில் அழைத்துப்போனான். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழி. மூணாறு தாண்டி இறங்கும்போது மூடுபனி, கண்ணாடிக்கு முன்னால் ரோடே தெரியவில்லை. சித்திரபுரம் போய்ச் சேரும்போது காலை பத்தாகிவிட்டது. வரிசையாகக் குவார்ட்டர்ஸ். லைன்மேன் ஓய்வு பெற்ற பிறகு மகனுக்கு அதே ஆபீஸில் வேலை, அதனால் அங்கேயே இருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். லைன்மேன் என்னைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். கட்டிலைப் பற்றி ஏதோ சொன்னார், புரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் நான் அழுவேன் என்று பார்த்தார்கள். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். இட்லி வைத்தார்கள், தின்றேன். இன்னும் இரண்டு வேண்டுமா என்று கேட்டார்கள், வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவள் மருமகளிடம், "அந்தப் பின்வாசப் படி எங்கிருக்குது அம்மிணி?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை அழைத்துப்போனாள். போட்டோவில் பார்த்த அதே இரண்டு படி. போட்டோவில் தெரியாதது, சுற்றிலும் எத்தனை செடி என்பது. பவளமல்லி மலையில் சரியாக வரவில்லை, ஆனாலும் நிற்கிறது. "இது டாக்டர் வீட்டம்மா" என்றாள் மருமகள். "இது ராவுத்தரம்மா. இது எங்கம்மா, எங் கல்யாணத்துக்குச் சீரோட வந்துச்சு." மாமியார் சொன்ன மாதிரியே சொன்னாள்.

கீழ்ப்படி ஓரத்தில் குக்கர். தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். எல்லாம் மொட்டு, வெயில் இன்னும் வரவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

இலை தட்டையாக இருந்தது.

என்னுடையது ஊசி இலை. இது காசு அகலத்துக்குத் தட்டை இலை, கையில் வழுவழுவென்று இருந்தது. வேறு சாதி. போனில் அந்த ஓரத்தில் நிறம் மட்டும்தான் தெரியும். மண்ணை விரலால் கொஞ்சம் கிளறினேன். வேரோடு ஒட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் கிழிசல் வந்தது, நர்சரியில் செடி வைத்து விற்கிற பை.

"இது என்ன அம்மிணி?" என்றேன்.

"அதுவா? அது ஒண்ணு மட்டும் அத்தை காசு குடுத்து வாங்குனது. மூணு வருசமா, சித்திரை பொறந்தா மூணாறு வரைக்கும் பஸ்ஸுல போயி அவுகளே வாங்கிட்டு வருவாக. வேற எதுவும் வாங்க மாட்டாகல்லா, எனக்கே ஆச்சரியம். மழையில போயிரும், திரும்பப் போயி வாங்குவாக."

"பேரு என்ன சொல்லுவா?"

அந்தப் பிள்ளை என்னை ஒருமாதிரி பார்த்தாள். "மீனாட்சிபுரத்தக்கான்னுதான். நான் கேட்டேன், என்ன அத்தை, அவுக குடுக்கலையே, நீங்கல்லா வாங்கினிய அப்படின்னு. 'அக்கா குடுத்திருப்பாக. அங்க வெயிலு கூடிப்போச்சு' அப்படின்னாக."

நான் மேல்படியில் உட்கார்ந்தேன். மகன் வந்து கூப்பிட்டான். சித்த நேரம் இருடா என்றேன். மூடுபனி மெதுவாக விலகியது. எதிர்மலையில் தேயிலை தெரிந்தது, பிறகு வீட்டு ஓட்டில் வெயில் விழுந்தது, பிறகு படியில். குக்கரில் மொட்டு ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் விரிந்து முடிந்ததும் மகனிடம் மணி கேட்டேன். பதினொன்று முப்பத்தைந்து என்றான்.

அப்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை கேட்காமலே ஒரு கொத்து கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். துவைக்கிற கல்லுக்கு ஒரு பக்கம் என்னுடைய ஊசி இலை, மறுபக்கம் இதை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மழை அதை ஒன்றும் செய்யவில்லை. இங்கே அது சரியாகப் பத்து மணிக்கே விரிந்துவிடுகிறது. அதற்கு என்ன பெயர் சொல்லுவது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மருமகள் நேற்று, "சித்திரபுரத்தம்மிணிக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்களா?" என்று கேட்டாள். ஊத்தியாச்சு என்றேன்.

குரூப்பில் யாரும் இப்போது அதிகம் போடுவதில்லை. ராவுத்தரம்மா மட்டும் நந்தியாவட்டையைப் போடுகிறார். நான் இன்னும் ஒன்றும் போடவில்லை. போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வாயால் சொல்லப் பார்த்தேன், மூன்று தரம் அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த நோட்டு. இதை அவர்கள் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். எழுது.

அந்த நீலச் சுவர் ரோஜா போன வருஷத்துப் பூதான். என் வாசலில் அன்றைக்குப் பூ இல்லை. பழைய போட்டோவைப் போடச் சொன்னது நான். பிள்ளை கூடாது என்றுதான் சொன்னாள்.

எழுதிவிட்டாயா? என்னைப் பார்க்காதே, நோட்டைப் பார். சரி, தண்ணீர் வேண்டுமென்றால் குடித்துவிட்டு வா. இனி முதலிலிருந்து படி கண்ணு, எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்த இடம் வரும்போது குரலை இறக்காமல் படி. உள்ளே உன் அம்மாவுக்கும் கேட்கட்டும்.